பின்பக்கத்தில் அச்சான கொலைகாரன்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கோவில்பட்டியில், என் கோபம் பூராவும் ஒரே விஷயத்தின் மேல்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி.

அன்றைக்கு எங்கள் ஊரில் இங்கிலீஷ் படம் என்றால் ஞாயிறு காலை மட்டும்தான். என்ன மாதிரிப் படம் என்பது போஸ்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாதிப் போஸ்டரில் கறுப்பு மை பூசியிருப்பார்கள். ஆம்பளைகளே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் போய்வருவார்கள். பெண்கள் கவுண்டரைத் திறக்கவே மாட்டார்கள். மதுரையில் எம்.ஏ. படித்த இரண்டு வருடமும் ஹாஸ்டல் தோழிகளோடு நல்ல நல்ல இங்கிலீஷ் படமாகத் தேடித் தேடிப் பார்த்தவள் நான். ஊருக்குத் திரும்பி நாலு வருடமாக ஒன்றுகூடப் பார்க்க வழியில்லை. மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று சொல்லாத ஆளில்லை. நான் ஏன் போக வேண்டும்? என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் தியேட்டர் இருக்கும்போது ஒரு படம் பார்க்க நான் எதற்குப் பஸ் ஏற வேண்டும்?

ஒருநாள் நேராகத் தியேட்டர் மேனேஜரிடமே போய்க் கேட்டுவிட்டேன். அவர் மகள் என்னிடம் டைப்ரைட்டிங் ஹையர் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தைரியம்தான்.

“நல்ல படமாப் போட்டா யாரு டீச்சர் வருவா? இங்கிலீசு வெளங்கணும்லா?” என்றார்.

“வெளங்க வைக்கது எம் பொறுப்பு அண்ணாச்சி. கதையத் தமிழ்ல நோட்டீஸ் அடிச்சு ஊரு பூரா குடுப்போம்.”

அவர் கொஞ்ச நேரம் டிக்கெட் கட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். “ஒரு ஞாயித்துக்கெழம தாரேன். பாதித் தியேட்டராவது நெறையணும். நெறஞ்சா மாசம் ஒரு ஞாயிறு நீங்க சொல்லுத படம், பொம்பளைகளும் வரட்டும். நெறையலேன்னா இந்தப் பேச்ச மறுபடி இங்கன எடுக்கப்பிடாது. சரியா?”

சரி என்றேன். வீட்டில்தான் சரிப்படவில்லை. அப்பாவுக்கு மெயின் ரோட்டில் பலசரக்குக் கடை. நாலு பேர் வந்து நின்று பேசுகிற இடம். “ஞாயித்துக்கெழம காலையில அந்தத் தியேட்டர் வாசல்ல ஒம் மவ நிக்கான்னு எவனாவது எங்கிட்ட வந்து சொல்லணுமாட்டீ? அதுக்கப்பறம் நான் கடையில எப்படி உக்காருவேன்?” என்றார். நானும் விடவில்லை. அன்றைக்கு ராத்திரியிலிருந்து அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார். குழம்பு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பார், நான் பக்கத்திலேயே நின்றாலும்.

நான் தேர்ந்தெடுத்தது ஒரு போலீஸ் படம். மதுரையில் பார்த்தது. உலகம் பூராவும் பேரெடுத்த படம் என்று தோழிகள் இழுத்துக்கொண்டு போனார்கள். விடாமல் மழை பெய்கிற ஒரு துறைமுக நகரம். கப்பலில் மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவன் செத்துக் கிடக்கிறான். விசாரிக்க வருகிற இளம் போலீஸ்காரன் எந்தச் சாட்சியைத் தேடிப் போனாலும், ஒருநாள் முந்தியே யாரோ போய் அந்தச் சாட்சியின் வாயை அடைத்திருக்கிறார்கள். அந்த ஸ்டேஷனில் காசுக்குக் கை நீட்டாத ஆளே இல்லை. ஃபைல் அறையில் உட்கார்ந்திருக்கும் வயதான ஏட்டு ஒருவர் மட்டும்தான் அவனுக்கு ஆறுதல். மனசு கஷ்டமானால் அவரிடம் போய்க் கொட்டுவான். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்துக் கொடுத்துத் தோளில் தட்டி அனுப்புவார். எல்லாக் கொலைக்கும் எல்லா லஞ்சத்துக்கும் தலைவன் அந்தக் கிழவர்தான் என்று கடைசிக்கு முந்தின ரீலில்தான் தெரியும். அந்த இடத்தில் நான் பக்கத்து ஸீட் தோழியின் கையைக் கிள்ளி வைத்துவிட்டேன். ஊர்க்காரர்களும் அப்படி ஒரு அதிர்ச்சி அடைய வேண்டும் என்பது என் ஆசை.

நோட்டீஸுக்கு எழுத உட்கார்ந்தேன். பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் போடுவார்களே, அந்த மாதிரி பாதிக் கதை வரைக்கும் எழுதி, “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று முடித்தேன். ஒரு பக்கம் வந்தது. இடைவேளையில் யாராவது புரியவில்லை என்று கேட்டால் சொல்வதற்காக, மீதிக் கதையை இன்னொரு தாளில் எனக்கென்று விவரமாக எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு தாளையும் சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்திருந்தேன். பிரஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டேன். தப்பில் பாதி என்னுடையதுதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

பிரஸ்காரர் கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸும் அடித்துப் பழகியவர். கொடை நோட்டீஸ் என்றால் சாமி பேர், பூசாரி பேர், மேளக்காரர் பேர், வரி கொடுத்தவர்கள் பேர் என்று முன்பக்கம் வழிந்து பின்பக்கமும் நிரம்பும். இத்தனை வருடத்தில் ஒரு தாளின் முதுகை வெறுமையாக விட்டு அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

வியாழக்கிழமை காலை, லோயர் படிக்கிற பிள்ளை ஒருத்தி மெஷினில் பேப்பரைச் சொருகிக்கொண்டே கேட்டாள். “டீச்சர், அந்தக் கெழவன்தான் கொன்னானாமே?”

“எந்தக் கெழவன்?”

பையிலிருந்து நோட்டீஸை எடுத்து நீட்டினாள். முன்பக்கம் நான் எழுதியது. திருப்பினேன். “கதையின் தொடர்ச்சி” என்று அவராகவே ஒரு தலைப்பு. அதற்குக் கீழே, கொடை நோட்டீஸில் “அனைவரும் வருக” என்று போடுவதற்கு வைத்திருக்கும் பெரிய தடித்த எழுத்தில், “கொலைகாரன் ஃபைல் ரூம் ஏட்டுதான்!” அதற்கும் கீழே பொடி எழுத்தில் நான் எழுதிய மீதிக் கதை முழுக்க. கடைசி வரி இப்படி இருந்தது: “இளம் போலீஸ்காரன் விலங்கோடு ஃபைல் அறை வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே கிழவர்”. அத்தோடு நின்றுவிட்டது. அதற்கு அடுத்து பிரஸ்ஸின் பேரும் விலாசமும்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு பிரஸ்ஸுக்கு ஓடினேன்.

“அண்ணாச்சி, கொலகாரன் யாருன்னு அடிச்சிட்டியளே!”

“நீங்க எழுதுனதத்தான டீச்சர் அடிச்சேன்?”

“ஒரு பக்கந்தான அடிக்கச் சொன்னேன்?”

“பின்பக்கம் சும்மால்லா கெடக்கு. வெள்ளையா விட்டா வாங்குதவன் பல்பொடி மடிச்சிருவான். ரெண்டு பக்கமும் எழுத்து இருந்தா வீட்டுல கொண்டு போயி வச்சிப் படிப்பான். கடைசியில ரெண்டு வரி எடம் பத்தல, அதத்தான் விட்டுட்டேன்.” அந்த இரண்டு வரியை விட்டதற்குத்தான் நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

நோட்டீஸ் எல்லாம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு, டீக்கடைகள், விளாத்திகுளம் போகிற பஸ்கள், தீப்பெட்டி ஆபீஸ் என்று எங்கள் ஊரில் சொல்லும் ஃபாக்டரிகளின் வாசல்கள். மேனேஜர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். “கொலகாரன் யாருன்னு முன்னாடியே சொல்லிட்டா எவன் டீச்சர் வருவான்? நான் வழக்கமான படத்தையே சொல்லிவிட்டுருதேன்” என்றார். ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ரோட்டில் நடக்கும்போதே கண் கலங்கிவிட்டது. நாலு வருட ஆசை ஒரு தாளின் பின்பக்கத்தில் போய்விட்டதே என்று அத்தனை ஆத்திரம்.

என் இன்ஸ்டிடியூட் மாடியில். கீழே டீக்கடை. மறுநாள் காலையில் ஜன்னல் வழியாக ஒரே சத்தம். மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காது கொடுத்தேன். யாருமே இன்னும் பார்க்காத படத்தைப் பற்றி, பத்துத் தடவை பார்த்தவர்கள் மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டோ ஓட்டுகிற ரசிகர் மன்றத் தலைவர் ஒருவர் மேசையைத் தட்டினார். “எங்க ஆளு மட்டும் நடிச்சிருந்தா மொத ரீல்லயே கெழவனத் தூக்கிப் போட்டு மிதிச்சிருப்பாரு. கடைசி ரீலு மட்டும் என்னத்துக்குய்யா இழுக்கணும்?”

“ஒங்க ஆளுக்கு மொத ரீலு பூரா அறிமுகப் பாட்டுக்கே சரியாப் போவும்” என்றார் எதிர் மன்றத்துக்காரர்.

பெஞ்சின் ஓரத்தில் ரிட்டையரான ஏட்டையா ஒருவர் நோட்டீஸை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். “இத எழுதினவனுக்கு டிப்பார்ட்மெண்டே தெரியல. ஃபைல் ரூமுல இருக்கவன்கிட்ட எவன் காசு குடுப்பான்? ஸ்டேசனுக்குள்ள எல்லாத்தயும் கையில வச்சிருக்கது ரைட்டருதாம்லே. கேஸ எழுதுதவனும் அவன்தான், எழுதாம விடுதவனும் அவன்தான். ரைட்டருன்னு போட்டிருந்தா நம்பலாம்.”

“நீங்க என்னவா இருந்திய ஏட்டையா?”

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். “ரைட்டரா” என்றார். டீக்கடையே சிரித்தது. மேலே ஜன்னலோரம் நின்று நானும் சிரித்தேன். ஏட்டையாவும் கொஞ்சம் சிரித்த மாதிரிதான் கேட்டது.

அன்று சாயங்காலம், எங்கள் தெருவில் இருந்து தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண் ஒருத்தி வழியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை அவளுக்கு. “யக்கா, படம் ஞாயித்துக்கெழம உண்டுமா?”

“யாரு கொன்னான்னுதான் நோட்டீஸ்லயே போட்டாச்சே. இனி என்னத்துக்கு?” என்றேன் எரிச்சலோடு.

“அது கெடக்கு. எங்க ஆபீசுல எது காணாமப் போனாலும் யாரு எடுத்தான்னு எங்க எல்லாத்துக்கும் தெரியும். யாரு முன்கூட்டியே சேதி சொல்லி, விசாரிக்க வார இன்ஸ்பெக்டரத் திருப்பி விடுதான்னும் தெரியும். அவன் மாட்டுவானான்னுதான் ஒரு நாளும் தெரியாது. இவன் மாட்டுதானா, அதச் சொல்லு.”

மதுரை ஹாஸ்டலில் யார் கொலைகாரன் என்பதுதான் எங்களுக்குப் பெரிய ரகசியமாக இருந்தது. இங்கே அதெல்லாம் ரகசியத்தில் சேர்த்தியே இல்லை. யார் தின்கிறான், யார் அமுக்குகிறான் என்பது எல்லாத் தெருவுக்கும் தெரிந்த சேதி. மாட்டுவானா என்பது மட்டும்தான் இந்த ஜனங்களுக்குத் தெரியாத கதை. எடம் பத்தாமல் பிரஸ்காரர் விட்ட இரண்டு வரியில் அதுதான் இருந்தது.

“அத மட்டும் சொல்ல மாட்டேன்” என்றேன். அவள் என்னை ஒரு முறை முறைத்தாள். ஓட்டமும் நடையுமாகத் தியேட்டருக்குப் போனேன். வாசலில் காட்சி நேரம் எழுதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, என் கையாலேயே சாக்பீஸில் எழுதினேன்: “கொலைகாரன் யார் என்று உங்களுக்குத் தெரியும். மாட்டினானா?” மேனேஜர் பக்கத்தில் வந்து நின்று இரண்டு தடவை வாசித்தார். மூன்றாவது தடவை வாசித்துவிட்டு, “ஏலே, மைக்கு ஆட்டோவக் கூப்பிடுங்கலே” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

ஞாயிறு காலை. காட்சிக்கு அரை மணி முந்தியே தியேட்டருக்குப் போய்விட்டேன். வாசலில் கூட்டம் நின்றது. முதலில் எல்லாம் ஆம்பளைகளாகத்தான் தெரிந்தார்கள். இரண்டு மன்றத்துக்காரர்களும் இரண்டு கட்சியாக நின்றார்கள். அப்புறம் சந்துக்குள்ளிருந்து தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வந்தார்கள். லீவு நாளுக்குத் தலைக்குக் குளித்து, பூ வைத்து, ஏழெட்டுப் பேராகக் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பின்னால் இன்னும் ஒரு கூட்டம். பெண்கள் கவுண்டரின் பூட்டுக்குச் சாவி கிடைக்காமல் டிக்கெட் கிழிக்கிறவர் மூன்று சாவிக்கொத்தை வைத்து மல்லுக்கட்டினார். கடைசியில் கல்லால் தட்டித்தான் திறந்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு அத்தனை இனிமையாக இருந்தது.

பாதித் தியேட்டர் என்று கேட்டிருந்தார் மேனேஜர். உள்ளே பெஞ்சு, சேர் இரண்டும் நிறைந்துவிட்டன. தரை டிக்கெட்டில் கால் நீட்ட இடமில்லை.

படம் ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம் ஒரே முணுமுணுப்பு. படம் முழுக்க நிழலும் இருட்டும்தானே. “யப்பா, அந்த ஊர்லயும் கரண்டு போயிட்டா?” என்று ஒரு குரல். அப்புறம் மழை. தெருவெல்லாம் மழை, கப்பல் மேல் மழை, பிணத்தின் மேலும் மழை. விளாத்திகுளம் பஸ்ஸில் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்த விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர், பிள்ளை மாதிரி வளர்த்த மிளகாய்ச் செடிக்கு மழை வேண்டி வானத்தைப் பார்த்து நிற்கிற மனுசன், பொறுக்க மாட்டாமல் எழுந்தே நின்றுவிட்டார். “இம்புட்டு மழை பெய்யுத ஊர்ல எதுக்குய்யா களவாங்கணும்? வெதச்சிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான?” தியேட்டர் முழுக்க ஆமாம் போட்டது. அதைவிட நல்ல விமர்சனம் அந்தப் படத்துக்கு எந்த இங்கிலீஷ் பத்திரிகையிலும் வந்திருக்காது என்று இன்றும் சொல்வேன்.

பிறகு கிழவர் வந்தார். ஃபைல் அறையின் ஒற்றை விளக்குக்குக் கீழே, சாந்தமான முகம். அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டு பெப்பர்மின்ட்டை எடுத்து நீட்டினார்.

“வாங்காதலே!”

முதலில் கத்தியது பெண்கள் பக்கம். எங்கள் தெருப் பெண்ணின் குரல் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை அவர் பைக்குள் கையை விட்டபோது தியேட்டரே கத்தியது. இளம் போலீஸ்காரன் சாட்சியின் விலாசத்தைக் கிழவரிடம் நம்பிச் சொன்னபோது, “சொல்லாத, சொல்லாத, கெடுத்தான் பாவி!” என்று நாலு பக்கமும் கதறினார்கள். மதுரையில் நாங்கள் இந்தக் காட்சிகளில் சும்மா பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தோம். கிழவர் நல்லவர் என்று நம்பிக்கொண்டு அவர் சிரிப்பை ரசித்தோம். இங்கே அவர் ஒவ்வொரு சிரிப்புக்கும் ஜனங்கள் பதறினார்கள். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாதவர்கள் என்னைவிட நன்றாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

இடைவேளையில் என் குறிப்பை யாரும் கேட்கவில்லை. முறுக்குக் கடையில் ஏட்டையா நாலு பேருக்கு நடுவில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். “சாட்சிகிட்ட போலீசு போறதுக்கு முந்தி ஆளு போயிருதான் பாத்தியா, அது மட்டும் நூத்துக்கு நூறு நெசம். அதுக்கு மேல என்னயக் கேக்காதிய.”

கடைசி ரீல். விலங்கோடு அவன் ஃபைல் அறை வாசலில் வந்து நின்றான். நோட்டீஸில் நின்றுபோன இடம். இனிமேல் நடப்பது தியேட்டரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். கிழவர் நிமிர்ந்து பார்த்தார். பதறவில்லை. பழையபடி பைக்குள் கையை விட்டு ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து நீட்டினார். அவன் கை மெதுவாக முன்னால் வந்தது. “வாங்கிராதய்யா!” என்று ஒரு அழுகைக் குரல் கேட்டது. நீட்டிய கையை அவன் அப்படியே பிடித்து விலங்கை மாட்டினான்.

அந்தத் தியேட்டரில் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு விசிலை நான் கேட்டதில்லை. துண்டுகள் பறந்தன. இரண்டு மன்றத் தலைவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்று கை தட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த இளைஞனுக்கு வேலை போவதையும், மழையில் தனியாக அவன் நடந்து போவதையும் முக்கால்வாசிப் பேர் பார்க்கவேயில்லை. நான் பார்த்தேன். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும்தான் பார்த்தேன்.

வெளியே வெயிலில் வந்து நின்றும் கூட்டம் கலையவில்லை. வேலை போனது அநியாயம் என்று ஒரு கட்சி. அந்த வேலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்று ஒரு கட்சி. எங்கள் தெருப் பெண் மட்டும், “படம் நல்லாத்தாங்க்கா இருக்கு. ஆனா அம்புட்டுப் பெரிய ஸ்டேசன்ல ஒரு பொம்பள போலீசு கெடயாதா? அவ இருந்திருந்தா கெழவன ரெண்டாவது ரீல்லயே கண்டுபிடிச்சிருப்பா” என்றாள்.

மேனேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. “டீச்சர், டிக்கெட் கெடைக்காம இன்னும் ஆளு நிக்கி. அடுத்த ஞாயிறும் இதே படத்தப் போட்டுருதேன். அதுக்கப்பறம் மாசாமாசம் ஒங்க படம். நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்” என்றார். எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னார். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கடையை அடைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அம்மா சோறு போட, நான் குழம்பு ஊற்றினேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

“அந்தக் கெழவன் மாட்டுனானா?”

பத்து நாளுக்குப் பிறகு அப்பா என்னிடம் பேசிய முதல் வார்த்தை. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“அடுத்த ஞாயித்துக்கெழமயும் போடுதாவ. வந்து பாத்துக்கிடுங்க” என்றேன்.

அப்பா மிச்சக் குழம்புச் சோற்றை வழித்தார். ரசம் வாங்கினார், மோர் வாங்கினார். எழுந்துபோய் முற்றத்தில் கை கழுவினார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

“எத்தன மணிக்குட்டீ?”